தாங்க முடியாததற்கான சான்றுகள்

ஞாயிறு காலை பத்து மணிக்கு
எலெயுதேரியோவின் பிக்கப் வண்டியை உசுப்பிவிடுகிறேன்.
போக ஓர் இடமில்லை.
பேட்டரி செத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.
யாக்கிமா பனியில்
புகை கோடு கிழித்தாற்போல் மேலே போகிறது.
அடுத்த வீட்டு ஹால்வர்சன்
"விற்பதானால் முதலில் என்னிடம் சொல்" என்று
இரண்டு குளிர்காலம் கேட்டார்.
மூன்றாவதில் கேட்கவில்லை.
அதுதான் சுருக்கென்றது.

நான்கு நாள் வேலை என்று
நான்கு சட்டை மடித்து எடுத்துப்போனவர்.
ஹுவாரெஸ் நகரத் தூதரகத்தில் ஒரு கண்ணாடி,
கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒரு தலையாட்டல்.
இப்போது சிவாவாவில்
மச்சானின் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறார்.
சட்டைகளைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

வக்கீலம்மா சொன்னார்:
பிரிவு எல்லோருக்கும் கஷ்டம்தான்.
அது செல்லாது.
விதிவிலக்கு வேண்டுமென்றால் கடுங்கஷ்டம் வேண்டும்,
ரசீதோடு.

பதினொரு வருடமாக
ஆப்பிள் கொட்டகையில் தரம் பிரிக்கிறவள் நான்.
உருளும் பெல்ட்டில்
அடிபட்டதைக் கை தானாகப் பொறுக்கி எறியும்.
அன்றிரவு சாப்பாட்டு மேசையில்
முதல்முறையாகத் தலைகீழாகப் பிரித்தேன்:
அடிபட்டவை மட்டும் பெட்டிக்குள்.
தூக்க மாத்திரைச் சீட்டு, உள்ளே.
வாடகை பாக்கிக் கடிதம், உள்ளே.
பதினான்கு பவுண்டு எடை குறைந்ததற்கு டாக்டரின் கையெழுத்து, உள்ளே.
பளபளவென்று இருந்த சில நாட்களும் வந்தன.
அவற்றைத் தள்ளிவிட்டேன்.

அது மூன்று வருடம் நான்கு மாதத்துக்கு முன்.

எடை திரும்பி வந்துவிட்டது.
இதை யாருக்காவது தெரிவிக்க வேண்டுமா?
போன வாரம் சோச்சில் சொன்ன ஒரு கதைக்கு
பெல்ட் நிற்கும் அளவுக்குச் சிரித்தேன்.
சிரித்து முடித்ததும்
யாரோ குறித்துக்கொள்கிறார்களோ என்று
கொட்டகைக் கூரையைப் பார்த்தேன்.
தாங்க முடியாது என்று எழுதிக் கொடுத்தவள்
இத்தனை நாள் தாங்கலாமா?
தாங்காமலும்தான் இருக்க முடியுமா,
வாடகைக்கு, பிள்ளைக்கு, பேட்டரிக்கு?

திரையில் எப்போதும் ஒரே சொல்: நிலுவை.
கடைக்காரர் சொல்லும் சொல் அது.
நிலுவை என்றால் பாக்கி.
யார் யாருக்குத் தர வேண்டியது?

இட்செலுக்கு வழக்கு எண் மனப்பாடம்.
மூன்று எழுத்து, பத்து இலக்கம்.
கயிறு தாண்டும்போது அதைத்தான் சொல்லிக் குதிக்கிறாள்.
ஏழில் எப்போதும் கால் சிக்கும்.
ஆறு வயதில் அவள் எழுதிய கடிதமும் பெட்டியில் இருக்கிறது:
அப்பா, முன்பல் விழுந்துவிட்டது, வந்து பார்.
அந்த இடத்தில் முளைத்த பல்லுக்கு
இப்போது கம்பி கட்டச் சொல்கிறார்கள்.
கடிதம் பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்று
வக்கீலம்மா அலுவலகத்திலிருந்து போன் வந்தது.
இட்செல் பென்சிலைச் சீவினாள்.
வெகுநேரம் சீவினாள்.
பிறகு எழுதினாள்:
"முதல் கடிதத்தைப் படித்தீர்களா?"
அதற்கு மேல் எழுத மாட்டேன் என்றாள்.
அதையே உறையிலிட்டு அனுப்பினேன்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு:
"ஏதாவது தெரிந்ததா" என்ற கேள்வி
மாதத்தின் முதல் தேதிக்கு மட்டும்.
மற்ற நாளெல்லாம் அவர் கேட்பது
"வண்டி ஸ்டார்ட் ஆகிறதா?"
ஆகிறது.
"முதல் திருப்பிலேயேவா?"
இல்லை, மூன்றாவதில்.
"கொஞ்சம் முனகுமே?"
முனகுகிறது.
போனைக் கண்ணாடியில் சாய்த்து வைக்கிறேன்.
இரண்டு தேசத்திலும்
யாரும் பேசாமல்
எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பத்து நிமிடம் ஆனது. சாவியைத் திருப்புகிறேன்.
மூடிமேல் விழும் பனி
இன்னும் சற்று நேரம் தங்காமல் உருகும்.
ஹால்வர்சனின் பூனை இதைத் தெரிந்துவைத்திருக்கிறது.
வேலியைத் தாண்டி வந்து
சூட்டில் வயிற்றைப் பரப்பிப் படுக்கிறது,
ஒவ்வொரு ஞாயிறும்,
தனக்காகத்தான் செய்கிறேன் என்பதுபோல்.